ஏறிக்கொண்டே போன எண்ணெய்

என் கணவருக்கு எங்கள் காரின் எண்ணெய் மீது அப்படியொரு பெருமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊட்டி பெர்ன்ஹில்லில் பனி விலகும் முன்பே மப்ளரைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். பானெட்டைத் திறந்து, என்ஜின் எண்ணெயை அளக்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு சமையலறைக் காலண்டரில் அன்றைய தேதிக்குக் கீழே ஒரு குறி போடுவார். எண்ணெய் மேல் கோட்டைத் தொட்டிருந்தால் டிக், தாண்டியிருந்தால் கூட்டல். கார் வாங்கிய இரண்டாம் வருஷத்திலிருந்து கூட்டல் குறிகள்தான் அதிகம்.

"ஏம்புள்ள, பாத்தியா? ஊர்ல அத்தன பேரு வண்டியும் ஆயில் குடிக்குது. நம்ம வண்டியில ஊத்துனதுக்கு மேல இருக்குது!"

"இன்னும் கொஞ்ச நாள்ல கன்னு போட்டாலும் போடுமுங்க" என்பேன். கோபித்துக்கொள்ளமாட்டார், கம்பியைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார்.

அவர் குன்னூர்ப் பக்கம் ராணுவத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறார். ஏறக்குறைய முப்பது வருஷம். அவர் கையெழுத்து விழாமல் ஒரு பெட்டி வெளியே போகாது. கல்யாணமான பிறகு நாங்கள் வாங்கிய மூன்று கார்களும் உள்நாட்டுக் கம்பெனியுடையவைதான். கூட வேலை செய்பவர்கள் வெளிநாட்டுக் கம்பெனிக் கார் வாங்கினால், "நம்மாளுக செஞ்சத நாமளே வாங்கலீன்னா வேற யாருங்க வாங்குவாங்க?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுவார். கதவு கடகடத்தால் ரோடு சரியில்லை என்பார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

மூன்றாம் வருஷம் ஒரு திங்கட்கிழமை, நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் என்னை இறக்கிவிடப் போகும் வழியில், கேத்தி தாண்டி ஒரு வளைவில் என்ஜினுக்குள் சரளைக்கல்லைக் கொட்டிக் கிளறியது போலச் சத்தம் வந்தது. அவ்வளவுதான், வண்டி நின்றுவிட்டது. பின்னால் தேயிலை ஏற்றி வந்த லாரிக்காரர்கள் இறங்கி ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் வந்தார். அளவுக் கம்பியை உருவி மூக்கருகே கொண்டுபோனதும் முகம் மாறியது. "சார், இது ஆயிலே இல்லீங்க. பாதிக்குப் பாதி டீசலுங்க." புது டீசல் வண்டிகளில் புகையை வடிகட்டும் பெட்டி ஒன்று உண்டாம். அதில் சேரும் கரியை எரிக்க வண்டி தானாகவே கொஞ்சம் டீசலைக் கூடுதலாக விடுமாம். நேர் ரோட்டில் இருபது நிமிஷம் ஒரே வேகத்தில் ஓடினால் கரி எரிந்துவிடும். "நம்மூர்ல நேர் ரோட்டுக்கு எங்கீங்க போறது? எரியாத டீசல் கீழ எறங்கி ஆயில்ல கலந்துருது. ஆயில் ஏறுதுன்னா அது ஆபத்துங்க."

வீட்டுக்கு வந்ததும் இவர் பழைய காலண்டர்களைத் தேடி எடுத்தார். "ஏனுங்க, அத மட்டும் கோயமுத்தூரு கம்பெனி ஆபீசுக்குக் கொண்டுபோகாதீங்க" என்றேன். வாரண்டி இன்னும் முடியவில்லை. எதையும் காட்டாமல் இருந்தாலே என்ஜினை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள் என்பது என் கணக்கு. கார் இல்லாமல், மழையிலும் குளிரிலும் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போவது நான்தானே.

கோயமுத்தூரில் கம்பெனி அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். இவர் உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் காலண்டர்களை மேசையில் விரித்துவிட்டார். "எண்ணெய் ஏறுனத வாராவாரம் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். நல்லதுன்னு நெனச்சேன். அது என் தப்பு." நுணலும் தன் வாயால் கெடும் என்று எத்தனை வகுப்புக்கு நடத்தியிருப்பேன்! பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன். அவர் நிறுத்தவில்லை. "வண்டியோட நீங்க குடுத்த புஸ்தகத்துல எண்ணெய் குறையக்கூடாதுன்னு போட்டிருக்கீங்க. ஏறக்கூடாதுன்னு ஒரு வரி இல்ல. மலைக்காரனுக்கு இந்த வண்டிய விக்கறப்ப நீங்களும் சொல்லல. அது உங்க தப்புங்க."

அதிகாரி உள்ளே போய் ஒரு தாளோடு வந்தார். புது என்ஜின் இலவசமாகப் போட்டுத் தருகிறோம், ஆனால் வண்டியில் எந்தக் குறையும் இல்லை, ஓட்டியவரின் கவனக்குறைவே காரணம் என்று எழுதியிருக்கும் இதில் கையெழுத்துப் போடவேண்டும் என்றார். எனக்கு உயிர் வந்தது. பேனாவை எடுத்து நானே நீட்டினேன்.

இவர் இரண்டு முறை படித்தார். "என் தப்ப எழுதியிருக்கீங்க, சரி. உங்க தப்பையும் அதுக்குக் கீழ எழுதுங்க, போட்டுத் தர்றேன்."

"அப்படியெல்லாம் எழுத முடியாதுங்க சார்."

"பொய்யான தாள்ல நான் கையெழுத்துப் போட்டதில்லீங்க" என்று பேனாவை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

திரும்பும் பஸ் மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறத் தொடங்கியது. பர்லியார் வந்ததும் பொறுக்கமாட்டாமல் திட்டித் தீர்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சன்னலை இழுத்துச் சாத்தி என் கழுத்தில் மப்ளரைச் சுற்றிவிட்டார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் இப்படியொரு மனுஷனோடுதான் வாழ்கிறேன் என்ற கர்வம் அந்த எரிச்சலுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் அது இறங்கவில்லை.

செத்த வண்டியை மெக்கானிக்கிடமே விற்றோம். அதன் பிறகு இவர் யாரிடமும் உள்நாட்டுக் கார் பற்றி வாதாடவில்லை. ஒருநாள் தொழிற்சாலையில் தான் ஏற்கெனவே பார்த்து முடித்த பெட்டிகளைத் திரும்பத் திறந்து பார்த்ததாகச் சொன்னார். ஏன் என்றேன். "சும்மாதான்" என்றார்.

பல மாதம் பஸ்ஸில் அலைந்த பிறகு, நான்தான் அவரை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் ஷோரூமுக்கு இழுத்துப் போனேன். கார் கதவைத் தொடும் முன் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டினால் ஓட்டாதீர்கள், குளிர்ப்பகுதியில் குறைந்த தூரம் ஓட்டுபவர்கள் அடிக்கடி பாருங்கள் என்று ஒரு கட்டம் கட்டிப் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, "இவங்க சொல்லியிருக்காங்க புள்ள" என்றார். குரல் இறங்கியிருந்தது. இதையே வாங்கலாம் என்று தலையாட்டினார்.

பிறகு, பகைவீட்டில் கைநனைக்கப் போகிறவர் போலத் தயங்கி, விற்பனைப் பெண்ணிடம் கேட்டார். "இது எந்த நாட்டுல செஞ்சதுங்க, அம்மணி?"

"நம்ம மெட்ராஸ் பக்கத்துலதாங்க சார். எங்க சித்தி பையன்கூட அந்த பேக்டரியிலதான் இருக்கான். எல்லாம் நம்மாளுகதானுங்க."

இவர் காரைச் சுற்றி வந்து கதவின் இடைவெளியை, பானெட்டின் விளிம்பை, பெயிண்டை விரலால் தடவிப் பார்த்தார். எங்கேயும் விரல் தட்டவில்லை. என் பக்கம் திரும்பியபோது கண் கலங்கியிருந்தது.

"நம்மாளுகளுக்கு வேலையே தெரியலையோன்னு இத்தன நாளா நெனச்சுட்டேன் புள்ள" என்றார்.