மாறில்ல

ஆஸ்பத்திரி வராந்தாவில் வயதான பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து சிரிப்பதைக் கண்டால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன். மார்பில் வந்த நோய்க்காக என் மனைவி இப்போது மாதந்தோறும் திருவனந்தபுரத்துக்குப் போகிறாள். அவளுக்கு அங்கே கூட்டுக்காரிகள் உண்டு. அவர்கள் பேச்சு சூடுபிடிக்கும்போது நான் வாசலுக்கும் மருந்துக்கடைக்குமாக அலைவேன். "ஒரு இடத்துல இரிக்கப்பிடாதா உங்களுக்கு?" என்று அவள் கேட்பாள். காரணத்தை இதுவரை அவளிடம் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும். குளத்தூரில் அப்பாவின் மூத்த அக்காள் எங்களோடு இருந்தாள். அத்தையை எங்கள் பக்கத்தில் மாமி என்போம். இதே நோய் வந்து ஒரு பக்கத்து மார்பை எடுத்திருந்தார்கள். அதே ஆஸ்பத்திரி பெஞ்சில் அவளுக்கு இரண்டு சிநேகிதிகள் கிடைத்தார்கள். ஒருத்தி பூவாரிலிருந்து மீன் கொண்டுவந்து விற்பவள். பூவார்க்காரி என்றே அழைப்போம். இன்னொருத்தி எங்கள் ஊர் மிஷன் சபை உபதேசியாரின் மனைவி, உபதேசியாரம்மா. அதற்கு முன் அவர்கள் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் கால் வைத்ததில்லை. அதன் பிறகோ, எங்கள் வீட்டு அடுக்களைப் புறத்தில் மூவரும் கூடாத வாரமே கிடையாது.

மாமிக்கு இடது பக்கம், பூவார்க்காரிக்கு வலது பக்கம். அறுத்த பக்கத்துக் கை நீர்கோத்து வீங்கியிருக்கும், பாரம் தூக்கக்கூடாது. நனைந்த புடவையை ஆளுக்கொரு முனையாக நல்ல கையில் பிடித்து, எதிரெதிராக நின்று முறுக்குவார்கள். மரச்சீனிக்கிழங்கை ஒருத்தி அழுத்திப் பிடிக்க மற்றவள் வெட்டுவாள். "நாம ரெண்டு பேரும் சேந்தா ஒரு பொம்பள உண்டு அக்கா" என்பாள் பூவார்க்காரி.

ரவிக்கையை நாங்கள் ஜம்பர் என்போம். அதற்குள் வைக்க மாமி இலவம்பஞ்சை அடைத்துச் சிறு தலையணைகள் தைத்துக் கொடுத்தாள். பஞ்சுக்குக் கனமில்லை, மீன் கூடையைத் தலையில் ஏற்றும்போதெல்லாம் அது தோளுக்கு ஏறிவிடுகிறது என்று பூவார்க்காரி, பஞ்சோடு ஒரு பிடி காணப்பயற்றையும் போட்டுத் தைத்துக்கொண்டாள். அந்த வருஷத்து மழையில் நனைந்து நனைந்து பயறு முளைவிட்டது. அதை எடுத்துக் காட்டி, "இனி தண்ணி ஊத்தினா காய்க்கும்" என்றாள் மாமி. உபதேசியாரம்மா ஜெபப்புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

மூவரில் பயந்தவள் அவள்தான். அவளுக்கு அப்போதுதான் கரண்ட் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். கதிர் வைக்கும் சிகிச்சையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். தோல் கறுத்து உரிந்தது. தின்றது தங்கவில்லை. போதும், நிறுத்திவிடுகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். மாமிக்கு ஒரு வருஷம் முன்பே எல்லாம் முடிந்திருந்தது. "என்னப் பாரு பிள்ளே, நான் நடக்கல்லியா, திங்கல்லியா? எனக்கு மாறினா ஒனக்கும் மாறும்" என்று சொல்லி மாமி அவளை பஸ்ஸில் ஏற்றுவாள். உபதேசியாரம்மா வேதத்துக்கு அடுத்தபடி நம்பியது மாமியின் உடம்பைத்தான்.

ஒருநாள் மாமியும் பூவார்க்காரியும் மட்டும் மாமியின் பரிசோதனைக்காகப் போய்விட்டு மத்தியானம் திரும்பினார்கள். நான் மாட்டுத் தொழுத்துக்குப் பின்னால் புளியம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே மாமி சொன்னாள்: "அப்போ எனக்கு மாறில்ல."

பூவார்க்காரி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். பிறகு சிரித்தாள். மாமியும் சிரித்தாள். நிற்க முடியாமல் இருவரும் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

எங்களூரில் தீனம் மாறுவது என்றால் நோய் குணமாவது. மாறில்ல என்றால் குணமாகாது. மலையாளம்தான், எங்கள் வீட்டில் எந்த வார்த்தை எந்த மொழி என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மாமி சாகப்போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. ஏன் சிரித்தார்கள் என்பதுதான் புரியவில்லை. மாமி வழக்கம்போலக் கோழிக்குத் தவிடு வைத்தாள், என் தம்பியை அடித்தாள், மீன்குழம்பில் உப்பு போதாது என்று அம்மாவைக் குறை சொன்னாள். நான் அவள் பின்னாலேயே சுற்றினேன். பள்ளிக்கூடத்தில் உட்கார முடியவில்லை. பாதி வழியில் திரும்பி ஓடிவந்து, அவள் இருக்கிறாளா என்று அடுக்களைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஓடினேன். "எலே, ஒனக்கு என்ன, எறும்பு கடிச்சா?" என்றாள்.

அந்த நிலையில்தான் உபதேசியாரம்மா வந்தாள். மாமி பனச்சமூட்டுச் சந்தைக்குப் போயிருந்தாள். வெயிலில் நடந்து வந்த களைப்பில் படியில் உட்கார்ந்து, "மாமிக்க டாக்டர் என்ன சொன்னாராம் மக்கா? சொகந்தானே?" என்று கேட்டாள். யாராவது கேட்கமாட்டார்களா என்று தவித்துக்கொண்டிருந்த எனக்கு, இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்தது.

"மாறில்லண்ணு மாமி சொன்னா."

"ஆருட்ட சொன்னா?"

"பூவார்க்காரிட்ட. நான் கேட்டேன்."

தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்தபோது குடையை விரித்துக்கொண்டு வெளியே இறங்கியிருந்தாள்.

அடுத்த கரண்டுக்கு அவள் பஸ் நிறுத்தத்துக்கு வரவில்லை. மாமியும் பூவார்க்காரியும் காத்திருந்து, வந்த பஸ்ஸைப் போகவிட்டு, பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த என்னையும் வழியில் கூட்டிக்கொண்டு, சபைக்குப் பக்கத்திலிருந்த அவள் வீட்டுக்குப் போனார்கள். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலேயே பேசினாள்.

"ஒனக்கே மாறாதுண்ணா எனக்கு என்னத்துக்கு இந்தத் தீ? என்ன ஏமாத்தி ஏமாத்திக் கொண்டு போனியே அக்கா. ஒனக்க மருமவன்தான் சொன்னான்."

மாமி என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன் கண்டதில்லை. அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் சத்தமாகச் சிரித்தாள். ஜம்பருக்குள் கையை விட்டு அந்தச் சின்னத் தலையணையை உருவிக் கட்டிலில் எறிந்தாள். தட்டையான இடத்தில் அறைந்துகொண்டாள்.

"இதையாக்கும் சொன்னேன் பிள்ளே. மாறு! மாறு இல்லண்ணாக்கும் சொன்னேன். இந்தக் கழுத, மாறு எது மாறியது எதுண்ணு அறியாம ஒனக்கிட்ட வந்து ஊதியிருக்கு. பள்ளிக்கூடத்துக்கு அயச்சு என்ன பிரயோசனம்?"

மலையாளத்தில் மாறு என்றால் மார்பு. மாறு இல்லை என்பதைச் சேர்த்துச் சொன்னாலும் மாறில்லதான். உபதேசியாரம்மா எழுந்து உட்கார்ந்து, தலையணையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு இருமல் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன். பூவார்க்காரி மட்டும் தண்ணீர் எடுக்க வெளியே போனவள் வெகுநேரம் வரவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் போவது என்று முடிவாயிற்று.

உபதேசியாரம்மாவுக்குச் சிகிச்சை முழுமையாக நடந்தது. நான் வேலைக்குப் போய், கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்ற பிறகும் அவள் சபையில் பாடிக்கொண்டிருந்தாள். மாமி அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை பூவாருக்குப் போய், அந்தக் கிணற்றடிச் சிரிப்பைப் பற்றிப் பூவார்க்காரியிடம் கேட்டேன். அவள் வலைக்காரர்களைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "மாறு இல்ல, தீனமும் மாறாது, ரெண்டும் ஆக்கும் மக்கா. இனி ஒண்ணும் செய்யறதுக்கில்லண்ணு டாக்டர் சொல்லியாச்சு. நான் கூட இருந்தேன். அக்கா அதத்தான் அப்பிடித் திருப்பிச் சொன்னா. அழக்கூடாதுண்ணுதான் சிரிச்சோம்."

அந்த உண்மையைச் சொல்லிச் சிரிக்க மாமிக்கு இருந்தது அந்த ஒரு வார்த்தை. என் வாயிலிருந்து அது வெளியே போனபின் அவளால் அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. உபதேசியாரம்மாவின் பக்கத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து, தனக்கு எல்லாம் மாறிவிட்டது என்று ஒவ்வொரு தடவையும் சொல்லவேண்டியதாயிற்று. பூவார்க்காரியிடம்கூட அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லையாம். நான் சரியாகத்தான் கேட்டேன் என்பதை அறிந்துகொண்டே அவள் என்னைக் கழுதை என்றாள். அறுபது வருஷமாகியும் என்னால் அதைத் தாண்டிப்போக முடியவில்லை.

உபதேசியாரம்மா வீட்டிலிருந்து திரும்பும்போது மாமி என் காதைப் பிடித்து, "இனி ஆருட்டயும் ஒண்ணும் சொல்லப்பிடாது, கேட்டியா?" என்றாள். கேட்டேன் என்றேன். மாமி சாகமாட்டாள் என்ற சந்தோஷத்தில் என் கால் தரையில் நிற்கவில்லை. வயல் வரப்பில் முன்னால் ஓடினேன். "எலே, மெதுவாப் போடா, நான் வாறேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பின் நடுவே நின்றிருந்தாள். என்னைப் பிடிக்க முடியாத மாதிரி நடிக்கிறாள் என்று நினைத்து, இன்னும் வேகமாக ஓடினேன்.