பயிற்றங்கொடியில் நின்ற ஈ

வெயில் ஏறும் நேரத்தில் காதருகே மெல்லிய ரீங்காரம் கேட்டால், இன்றும் என் வாயில் உப்பில்லாமல் வெந்த மரவள்ளிக்கிழங்கின் ருசி வந்துவிடுகிறது. ஜப்பான்காரன் காலத்தில், தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைவீட்டுக்குப் பின்னால் அப்பா போட்டிருந்த பயிற்றங்கொடியைச் சுற்றி அந்த ஈ பறக்கும். பறக்கும் என்றா சொன்னேன், நிற்கும். வயிற்றில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டுக்கொண்டு அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கும், கையை ஓங்கினால் ஒரு முழம் தள்ளிப்போய் மறுபடியும் நிற்கும். "நிக்கிற ஈ" என்போம். குளவி ஜாதி, கொட்டும் என்று பயந்தோம். அதற்குக் கொடுக்கே கிடையாது என்பது லயத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அப்பாவைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போன அன்று, லாரி ஏறுமுன் அவர் அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "கொடியப் பாத்துக்க புள்ள. காய முழுக்கப் பறிச்சிடாத, வெதைக்குக் கொஞ்சம் விடு. நான் வந்து போடுறேன்." அரிசி கண்ணில் படாத அந்த நாட்களில் அம்மா அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்ட மாதிரி எங்களைக்கூடப் பார்த்துக்கொண்டதில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் அம்மா ரப்பர் நாற்று மேடையில் வேலை செய்தவள். தளிரில் எது ஊர்ந்தாலும் பொறுக்கிச் சாம்பல் டின்னில் போடவேண்டும் என்பது அங்கே கங்காணி வைத்த சட்டம். மேடை வேலை போயும் அந்தப் பழக்கம் அவள் விரலை விட்டுப் போகவில்லை. பயிற்றங்கொடியின் நுனியில் எள்ளைக் கொட்டினாற்போலக் கறுப்புச் செடிப்பேன் அப்பியிருக்கும். அதன் நடுவே காலில்லாத பச்சைப் புழு ஒன்று தலையை அப்படியும் இப்படியும் ஆட்டித் துழாவும். "இதாண்டி தளிரத் திங்குது, அந்தக் குளவி போட்ட சனியன்" என்று விடிந்ததும் டின்னோடு உட்கார்ந்துவிடுவாள். ஊராமல் ஒட்டிக்கிடந்த பேனை அவள் பொருட்படுத்தவேயில்லை.

புழு தீர்ந்தது, ஈ வருவதும் நின்றது. கறுப்பு மட்டும் தண்டு, பூ, பிஞ்சு என்று ஏறியது. விதைக்கு விட்ட காய்கள் முற்றுமுன்பே சுருண்டு கருகின. அம்மா கருகின காய் ஒன்றைப் பிளந்து பார்த்தாள். "இனிமே அவரு வரமாட்டாரு" என்றாள். அப்பா வரவும் இல்லை. அந்தக் கொடிதான் சொல்லிவிட்டுப் போனது என்று சாகும்வரை நம்பினாள். என் கல்யாணத்தன்றுகூடப் பயிற்றங்காய் சமைக்க விடவில்லை.

இப்போது அந்தத் தோட்டத்தில் ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது, லயம் இருந்த இடம் தெரியவில்லை, அப்பாவின் விதையும் எங்கும் இல்லை. சுங்கை காடுட் ஊரில் என் வீட்டு மிளகாய்த் தொட்டியில் சென்ற மழைக்காலத்தில் அதே பச்சைப் புழுவைக் கண்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால், அது இலையைத் தொடவே இல்லை; பேனைக் கவ்வித் தூக்கி, உறிஞ்சிவிட்டு, தோலை உதறிவிட்டு அடுத்ததைத் தேடியது. பிறகு கூடு கட்டியது. கூட்டிலிருந்து வெளியே வந்தது நிக்கிற ஈ.

கொடி கருகினது சகுனமில்லை அம்மா, வெறும் பேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் போய் எத்தனையோ வருடமாகிறது. இருந்திருந்தாலும் எப்படிச் சொல்லியிருப்பேன்? கொடியைக் காத்த புழுவை அவள் கையாலேயே பொறுக்கிப் போட்டாள் என்பதையும் சேர்த்தல்லவா சொல்லியிருக்க வேண்டும்.