எதிராளிக்கும் ஓட்டுக் கேட்ட என் சம்சாரம்

எங்க ஊர்ல என் சம்சாரத்தோட முகம் தெரியாதவங்க உண்டு, குரல் தெரியாதவங்க கிடையாது. கடைத் திறப்பு, காணாமப் போன ஆடு, தண்ணி வராத நாள், எல்லாத்தையும் ஆட்டோவுல மைக் பிடிச்சுச் சொல்றது அவதான். மைக் செட் கடை என்னோடது. ஆட்டோ ஓட்டுறதும் நானே.

அவ முதன்முதல்ல என் கடைக்கு வந்ததே சண்டைக்கு. "யோவ், பரீட்சைக்குப் படிக்கிறோம், சத்தத்தைக் குறைய்யா!" இருபத்திரெண்டு வருஷம் இருக்கும். "குறைக்க மாட்டேன், வேணும்னா நீயே மைக்குல சொல்லிக்கோ"ன்னு வீம்புக்கு நீட்டினேன். வாங்கிச் சொன்னா பாருங்க, தெருவே அடங்கிப் போச்சு. அன்னிக்கு நீட்டின மைக்கை இன்னும் திருப்பித் தரலை.

தேர்தல் வந்தா எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. இந்தத் தடவை நகராட்சித் தேர்தல்ல பதினோரு வேட்பாளருக்கு அவதான் குரல். கடைசியா வந்தவர் எங்க வார்டு கவுன்சிலர், இரும்புக் கடைக்காரர். ரெண்டு தடவை ஜெயிச்சவர், கட்சிச் சின்னம் பூட்டு. அவர் எழுதிக் கொடுத்த தாள்ல ஒரு வரி: 'சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டித் தருவோம்.'

அவ தாளைக் கீழே வச்சா. "ஏங்க, இதை மூணாவது தேர்தலா நான் படிக்கிறேன்."

"படிச்சா என்ன, தேஞ்சா போயிடுவ?"

முறைச்சா பாருங்க! நாள் முழுக்க ஆட்டோவுல சுத்துறவ, சந்தைப் பக்கம் வேலைன்னா மட்டும் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டா. ஏன்னு இத்தனை வருஷமா நான் கேட்டதே இல்லை. மடையன்.

ஒத்துக்கிட்ட வேலையாச்சேன்னு பதிவை முடிச்சுக் கொடுத்தா. மறுநாள்தான் மனு போடக் கடைசி நாள். நேராப் போய் அவரை எதிர்த்தே மனு போட்டுட்டு வந்து நின்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சீப்பு சின்னம் கிடைச்சுது.

அடுத்த இடி தொண்டையில விழுந்துச்சு. பதினோரு பேருக்குக் கத்தினதுல குரல் அடைச்சுப் போச்சு. "பத்து நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசினா குரலே போயிடும்"னுட்டார் டாக்டர். ஊருக்கெல்லாம் ஓட்டுக் கேட்டவளுக்குத் தனக்குக் கேக்க வாய் இல்லை.

இதுல கொடுமை, இரும்புக் கடைக்காரருக்கு ஆட்டோவும் நம்மளுதுதான். பத்து நாளைக்கு வாடகை பேசியாச்சு. என் ஆட்டோவுல என் சம்சாரம் குரல், என் சம்சாரத்தைத் தோக்கடிக்க ஊரெல்லாம் கத்துது. ஓட்டுறது யாரு? நான்! "நிறுத்திடவா?"ன்னு கேட்டேன். நோட்டுல எழுதிக் காட்டினா: "சொன்ன சொல்லு மாறக் கூடாது. போங்க."

ஒருநாள் தையல்கார அக்கா வாசல்ல அவ சீப்புப் படம் போட்ட சீட்டை நீட்டிக்கிட்டு நிக்கிறா. அந்த நேரம் பார்த்து நான் ஆட்டோவோட தெருவுக்குள்ள நுழையுறேன். 'பூட்டு சின்னத்துக்கு வாக்களியுங்கள்! சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டித் தருவோம்!'

அக்கா இடுப்புல கை வச்சாங்க. "என்னம்மா இது, வாய் ஒரு பக்கம் நிக்குது, நீ ஒரு பக்கம் நிக்கிற?" தெருவே சிரிச்சுது. எனக்கு ஆட்டோவோட பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

அவ நிதானமா எழுதிக் கொடுத்தா. அக்கா உரக்கப் படிச்சாங்க: "மூணு தேர்தலா இதைச் சொன்ன வாய் என்னோடது. அதனால நான்தான் கட்டித் தரணும்."

அக்கா அதை இன்னொரு தடவை படிச்சாங்க. அப்புறம், "அட, ஆமா! நாங்க கேட்டதெல்லாம் உன் குரல்லதானே!"ன்னாங்க.

அவ்வளவுதான், பத்திக்கிச்சு. அதுக்கப்புறம் நான் எந்தத் தெருவுல போனாலும், கழிப்பறைன்னு ஸ்பீக்கர் சொன்ன உடனே பொம்பளைங்க வாசலுக்கு வந்து சீப்பைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறாங்க. இரும்புக் கடைக்காரர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "யோவ், நிறுத்துய்யா அதை!"

"பத்து நாள் பேசியிருக்கோம் அண்ணே, இன்னும் மூணு நாள் பாக்கி இருக்கு. சொன்ன சொல்லு மாறக் கூடாது." வாழ்க்கையில அவ்வளவு நேர்மையா நான் தொழில் பண்ணினதே இல்லை.

நாப்பத்தோரு ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சா! நான் குதிச்ச குதியில கடையில அடுக்கி வச்சிருந்த ஸ்பீக்கரெல்லாம் சரிஞ்சுது. போனாப் போகட்டும்னு விட்டுட்டேன்.

நகராட்சி மன்றத்துல பதவியேற்பு. மைக் செட் நம்மளுது. அவ மைக் முன்னாடி போய் உறுதிமொழித் தாளை எடுத்தா. சத்தமே இல்லை. ஐயோ, குரல் திரும்பலையான்னு பதறி வால்யூமைத் திருகினேன். அப்பத்தான் புரிஞ்சுது. முதல்ல அவ சொல்ல வேண்டியது அவ பேரு. ஊர்ல அத்தனை பேர் பேரையும் என் மைக்குல சொன்னவ, தன் பேரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

கரகரன்னு, முழுசா, தன் பேரைச் சொன்னா. "...ஆகிய நான்..." நான் திருகின திருகுல அது சந்தை வரைக்கும் கேட்டிருக்கும். எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. அவ என்னைப் பார்த்து, சத்தத்தைக் குறைங்கன்னு கை காட்டினா.

மாட்டேன்னு தலையாட்டினேன்.