நூம்பல் கிணற்றடியிலிருந்து கூப்பிட்ட குரல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நடந்ததிலும் பாதி மறந்துவிட்டது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அந்த ஒரு நாளை எழுதாமல் இருக்க மனசு வரவில்லை. அது என் மகளுடைய நாள்.

தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். கொரட்டூரில் குடியிருந்தோம். என் மகள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒயர்லெஸ் செட் ரிப்பேர் செய்யும் ஒரு சின்னக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேலை என்று சொல்ல முடியாது. பொம்பளைப் பிள்ளை மாடியேறி வேலை செய்யுமா என்று கடை முதலாளிக்குச் சந்தேகம். "நசரத்பேட்டை வேலைய நீயே முடிச்சுக் காட்டுமா. அப்பால வேலைக்கு வெச்சுக்கிறதப் பத்திப் பேசலாம்" என்று சொல்லியிருந்தார். அவள் அன்று வீட்டுக்கு வந்து சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

நசரத்பேட்டையில் ஒருவர் தண்ணீர் லாரிகள் வைத்திருந்தார். எல்லா லாரியிலும் ஒயர்லெஸ். சின்ன செட்டில் பேசினால் அது தூரம் போகாது. அவர் ஆபீஸ் மாடியில் ரிப்பீட்டர் என்று ஒரு பெட்டி இருந்தது. அது லாரிக்காரர்கள் பேசுவதை வாங்கி, பலமாகத் திரும்ப வீசும். எப்போது வீசுவது, எப்போது நிறுத்துவது என்று பார்த்துக்கொள்ளும் பாகம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அதுதான் கெட்டுப்போய், பேச்சைப் பாதியில் கத்தரித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக வெளியே தனியாக ஒரு கன்ட்ரோலரை வைத்து இணைக்க வேண்டும். அதுதான் என் மகளுக்கு வந்த வேலை.

ஆண்களே இருக்கும் இடம் என்பதால் துணைக்கு நானும் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போனேன். லாரி முதலாளி பார்த்துவிட்டு, "இன்னாமா, இஞ்சினீயரம்மா அவங்க அம்மாவையும் இட்டுகினு வந்துட்டாங்களா?" என்று சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மகள் காதில் வாங்காமல் மாடியேறிவிட்டாள்.

ரிப்பீட்டரின் மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு சின்ன கிளிப்பை இடம் மாற்றி, கெட்டுப்போன பாகம் வேலை செய்யாதபடி நிறுத்தினாள். பிறகு ஒயர்களை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தாள். நான் வாய்விட்டுக் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தாள். "இது வர்ற குரலு. இது போற குரலு. இது 'யாரோ பேசறாங்க'ன்னு கன்ட்ரோலருக்குச் சொல்லும். இது 'இப்ப வீசு'ன்னு ரிப்பீட்டருக்குச் சொல்லும். இது எர்த்து." எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

தூரத்தில் இருந்து யாராவது பேசினால்தான் சரியாக இருக்கிறதா என்று தெரியும். லாரி ஒன்று தண்ணீர் பிடிக்க நூம்பல் கிணற்றுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. வேலையைப் பார்க்கக் கூடவே வந்திருந்த கடை முதலாளி ஒரு கைச் செட்டை என்னிடம் நீட்டினார். "சும்மாதானே குந்திகினு கீறீங்க. போய்ப் பேசுங்கம்மா." அயலாரிடம் நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவள் நான். மகள் என்னைப் பார்த்தாள். லாரியில் ஏறிப் போய்விட்டேன்.

கிணற்றடியில் டிரைவர் மோட்டாரைப் போட்டுவிட்டுக் குழாயைப் பிடித்தார். நான் சத்தம் எட்டாத வரப்புக்குத் தள்ளிப் போய்ப் பட்டனை அழுத்தி, "நான்தான் பேசறேன்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. "யம்மா, இன்னும் கொஞ்சம் பேசு" என்று மகள் குரல் வந்தது. "இங்க வயலு கீது" என்றேன். அவள் கன்ட்ரோலரில் இருந்த திருகைத் திருப்பித் திருப்பிச் சத்தத்தை ஏற்றி, கடைசியில் "இப்ப கேக்குது" என்றாள்.

அதற்குள் டேங்க் நிறைந்துவிட்டது. டிரைவர் வந்து என் கையிலிருந்த செட்டை வாங்கி, "அலோ! நூம்பல்லேர்ந்து லோடு ரெடி!" என்று ஒரு கத்து கத்தினார். பட்டனை விட்டதும் லாரி முதலாளி ஆபீஸ் செட்டில் வந்தார். "இன்னா இது, தகரத்தப் போட்டுத் தேய்க்கற மாதிரி கீது? இதுக்கா புதுப் பொட்டி? கயட்டிட்டுப் பழசையே மாட்டச் சொல்லு அண்ணாத்தே." கடை முதலாளியிடம் சொன்னார் போலிருக்கிறது. ஏதோ ஒயர் தப்பாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்போது என் மகள் பேசினாள். குரலில் பதற்றம் இல்லை. "பொட்டி சரியாத்தான் கீது சார். எங்கம்மா மெல்லப் பேசனத வெச்சு சத்தத்த ஏத்தி வெச்சிட்டேன், அதான் கத்தனா கரகரங்குது. யம்மா, நம்ம தெருவுல தண்ணி லாரி வந்தா என்னிய எப்படிக் கூப்புடுவே? அப்படிக் கூப்புடு."

டிரைவர் செட்டைத் திரும்ப என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார். எல்லா லாரியிலும் கேட்கும். நான் கூச்சப்பட்டால் இவள் வேலை போய்விடும் என்பது மட்டும் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"அடியேய்! எங்கடி போய்த் தொலஞ்ச? லாரி வந்துட்சு, கொடத்த எடுத்துகினு ஓடியாடி!"

பிறகு ஏதோ ஒரு லாரியில் இருந்து, "தோ வந்துகினே கீறோம் யம்மா, வரிசைல நில்லுங்க!" என்று ஒருவர் சொன்னார். பின்னாலேயே இன்னொருவர், "கொடம் ரெண்டுக்கு மேல கெடையாது!" என்றார். டிரைவர் லாரி மேல் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். மகள் "இன்னொரு வாட்டி" என்றாள். இன்னொரு வாட்டியும் கூப்பிட்டேன். அவள் திருகை இறக்கி வைத்தாள். அதற்குப் பிறகு யார் பேசினாலும் காதோரம் நின்று பேசுவது போல இருந்தது. ஒவ்வொருவர் பேசி முடித்ததும் கன்ட்ரோலர் 'பீப்' என்று சின்னதாக ஒரு சத்தம் கொடுத்தது. அது என் மகள் வைத்த சத்தம்.

நான் திரும்பி வந்தபோது கடை முதலாளி மாடிப்படியில் நின்றிருந்தார். மகளிடம், "நாளைக்கு ஆவடில ஒரு வேல கீது. நீயே போயிட்டு வந்துடு" என்றார். என்னைப் பார்த்து, "துணைக்கு யாரும் வாணாம்மா, அது தனியாவே பாத்துக்கும்" என்றார். தூக்குச்சட்டியைத் திறந்து எல்லாருக்கும் புளிச்சோறு வைத்தேன்.

ஒயர் எத்தனை, எது எதற்கு என்பதை அவள் அன்று சொன்னதை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். தப்பு இருக்கலாம். இந்த வேலை தெரிந்த யாராவது பார்த்து அதை மட்டும் திருத்திக் கொடுங்கள். கூப்பிட்டதை நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.