திருப்பிக் கொடுக்காத நாற்காலி

சியேனகா ஊரில் எங்கள் தெருவில் யாராவது ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்ட தெருவில் வாயே திறக்காமல் முப்பது வருஷம் குடும்பம் நடத்திவிட்டாள் நிக்கோலாசா. அவள் புருஷன் எவரிஸ்தோ பஸ் டிரைவர். ஊர் வம்பு முழுக்க அவன் நாக்கு நுனியில். யாராவது சீண்டினால், "எனக்கும் சேத்து அவரே பேசிடுறாரு" என்பாள். அதோடு சரி.

எவரிஸ்தோ மாரடைப்பில் போனதும் வழக்கப்படி ஒன்பது நாள் வீடு நிறைந்தது. துக்கக்காரியைத் தனியாக விடக்கூடாது, அது எங்கள் ஊர்ச் சட்டம். ஆளாளுக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜெபமாலை முடிந்தால் டோமினோ ஆட்டம், காப்பி, செத்தவனைப் பற்றிய கதைகள், சிரிப்பு. நிக்கோலாசாவுக்கு மூச்சு முட்டியது. அழக்கூட ஒரு மூலை கிடைக்கவில்லை, பாவம். அடுப்படியில் ஒளிந்தால் அங்கேயும் பக்கத்து வீட்டு எதில்மா வந்து நிற்பாள்.

"என்னடி நிக்கோ, கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணியக் காணோம்? அழுதுடுடி. மனசுல வெச்சுக்காத."

எட்டாம் நாள் பொறுமை போயிற்று. "உனக்குப் புண்ணியமாப் போகும் எதில்மா, என்னைக் கொஞ்சம் சும்மா விடேன்!"

எதில்மாவின் முகம் சுருங்கிப்போனது.

மறுநாள், செத்தவனுக்காகக் கூடத்தில் அமைத்திருந்த பீடத்தின் வெள்ளைத் துணியை அவிழ்த்து, அவன் ஆவி குடிக்க வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, நாற்காலிகளை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். கேட்ட அமைதி கிடைத்தது. ஆசை தீர அழுதாள், தூங்கினாள். அப்புறம்தான் உறைத்தது. அவள் பேசாதவளே தவிர, பேச்சில்லாத வீட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை. எவரிஸ்தோ கத்திக்கொண்டிருப்பான், அவள் அந்தச் சத்தத்தின் ஓரமாக உட்கார்ந்து வெங்காயம் நறுக்குவாள். அவள் அறிந்த அமைதி அதுதான். இது வெறும் பாழ்.

வா என்று ஒருத்தியைக் கூப்பிட நாக்கு எழவில்லை. அதனால் ஒரு வேலை செய்தாள். மற்ற நாற்காலிகளை அவரவர் வாசலில் வைத்துவிட்டு, எதில்மாவின் பச்சை நாற்காலியை மட்டும் வைத்துக்கொண்டாள். கேட்க வராமலா போவாள்? தினமும் மாலையில் இரண்டு பேருக்குக் காப்பி வடித்தாள். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

ஒருநாள் எதில்மா வாசலில் யாரையோ அதட்டுவது சுவர் தாண்டிக் கேட்டது. "அவ வீட்டுப் பக்கமே போகாதீங்க! அவளுக்குத் தனியா இருந்தாத்தான் நிம்மதி, நமக்குத்தான் புத்தியில்ல. நாற்காலியா? அவளே வெச்சுக்கட்டும்."

அவள் அன்று கேட்டதைக் கடைசியில் புரிந்துகொண்டுவிட்டார்கள், அதுவும் இப்போது! கேளுங்கள் கொடுமையை.

நிக்கோலாசா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். எதில்மா பதறி எழுந்தாள். "ஐயோ, இதுக்கா வந்த? வெச்சுட்டுப் போம்மா, நான் தொந்தரவு பண்ண மாட்டேன்."

நிக்கோலாசா தெருவிலேயே நாற்காலியைப் போட்டு அதில் தானே உட்கார்ந்தாள்.

"எனக்குப் பேச வராது எதில்மா. நீ பேசு. என்னத்தையாவது பேசு."

எதில்மா தன் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உம் புருஷன்கிட்ட ஒருநாள் கேட்டேன், இப்படி ஓயாமப் பேசுறீங்களே, வாய் வலிக்கலையான்னு. என்ன சொன்னாரு தெரியுமா? 'ஊருல எல்லாரும் பேசுறாங்க எதில்மா. கேக்குறதுக்கு ஒருத்தி எங்க வீட்டுலதான் இருக்கா'ன்னாரு."

நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, நிக்கோலாசா வாய்விட்டு அழுதாள்.