கிரேனை அனுப்பியது யார்

மோட்டார்க்காரர் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது ஐந்தே வருஷம். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. மறைக்க வேண்டிய நிலையில் அவர் இருந்ததும் இல்லை. உள்சுற்றுக் கம்பி எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுத்தே சொந்தமாகக் கடை, கடைக்கு மேல் வீடு, மகளுக்குப் படிப்பு, கல்யாணம் என்று அத்தனையும் தன் கையால் பார்த்தவர். அந்த மகள்தான் ஒருமுறை வந்திருந்தபோது அவர் போனில் ஒரு வலைப்பூவைத் தொடங்கிக் கொடுத்தாள். அதன் பிறகு மனிதரைப் பிடிக்க முடியவில்லை. ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டி ஊர் சேதியெல்லாம் எழுதினார். உடைந்த குழாய், எரியாத தெருவிளக்கு, டாக்டர் வராத ஆஸ்பத்திரி, எதையும் விடவில்லை. பட்டம் வாங்கியவர்கள்கூட காலையில் பல் தேய்ப்பதற்கு முன் அவர் எழுதியதைத்தான் படித்தார்கள்.

அவருக்குக் கண்ணில் கண்டால் ஆகாத ஒன்று உண்டென்றால், அது தலைநகரத்தின் பெரிய பேப்பர். அந்தப் பேப்பரில் இந்த ஊர் இடம்பெற வேண்டுமானால் வெள்ளம் வர வேண்டும், இல்லையென்றால் யாராவது சாக வேண்டும். அப்போதும் ஆள் வராது, போன் மட்டும்தான் வரும். ஊரில் பெரிய மனிதன் எவனோ அவன் சொன்னது செய்தியாகிவிடும். அவர்கள் விட்ட பிழைகளை எடுத்துக்காட்டி மோட்டார்க்காரர் கரடியாய்க் கத்திப் பார்த்தார். ஒரு வரி பதில் கிடையாது.

"அவனுங்க வாயாலயே தப்புன்னு சொல்லி அச்சடிக்கணும். அதப் பாத்துட்டுதான் நான் கண்ண மூடுவேன்" என்பார் மனைவியிடம்.

"அப்ப நீங்க ரொம்ப காலம் இருப்பீங்க" என்பாள் அவள்.

ஒரு மழைநாள் மத்தியானம், தையல் கம்பெனிப் பெண்களை ஏற்றி வந்த வேன் அவருடைய கடைக்கு எதிரே இருந்த வாய்க்காலில் கவிழ்ந்தது. கதவு அடியில் மாட்டிக்கொண்டது. உள்ளே தண்ணீர் ஏற ஏற அலறல் கேட்டது. பக்கத்தில் கட்டிட வேலைக்காக ஒரு கிரேன் நின்றிருந்தது. அதன் டிரைவர் முதலாளிக்குப் போன் போட்டான்.

"வேலைய விட்டுட்டு வண்டிய எடுத்தேன்னா, சாவிய வச்சிட்டு வீட்டுக்குப் போயிடு" என்று முதலாளி சொன்னது, கூட நின்ற மோட்டார்க்காரருக்கும் கேட்டது.

டிரைவர் போனைப் பையில் போட்டுவிட்டு கிரேனை எடுத்தான். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வேனின் அச்சில் சங்கிலியை மாட்டியவர் மோட்டார்க்காரர். வாட்டசாட்டமான இளவட்டங்கள் கரையில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தபோது அந்த வயதில் அவர்தான் இறங்கினார். இதை இல்லையென்று சொல்ல ஊரில் ஆள் கிடையாது. வேன் நிமிர்ந்தது. எல்லாரும் உயிரோடு வெளியே வந்தார்கள். சொன்னபடியே முதலாளி டிரைவரிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

மறுநாள் பெரிய பேப்பரில் முதலாளியின் படம் வந்தது. வெள்ளைச் சட்டை, காதில் போன். 'தக்க நேரத்தில் கிரேன் அனுப்பி உயிர் காத்த தொழிலதிபர்' என்று தலைப்பு. டிரைவரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மோட்டார்க்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டு எழுத உட்கார்ந்தார். 'பேப்பர்காரர்களே, நீங்கள் வாய்க்காலைப் பார்க்கவில்லை, கிரேனையும் பார்க்கவில்லை. கிரேனை யாரும் அனுப்பவில்லை. எடுக்காதே என்று சொன்ன ஆளைத்தான் படம் போட்டிருக்கிறீர்கள். நான் அங்கே தண்ணீரில் நின்றவன். நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.' அந்தப் பதிவு ஊரைத் தாண்டிப் பறந்தது.

சாயந்திரம் டிரைவர் கடைக்கு வந்தான். சந்தோஷத்தில் வந்திருக்கிறான் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவன் உட்காரவில்லை.

"அண்ணே, அதக் கொஞ்சம் எடுத்துடுங்க."

"எதுக்குடா?"

"பேப்பர்ல வந்ததும் மொதலாளி குளுந்துபோயி, கூப்ட்டு சாவியக் குடுத்துட்டார். இப்ப நீங்க எழுதினதப் பாத்துட்டு குதிக்கிறார். ஒண்ணு அத எடுக்க வை, இல்ல சாவிய வைன்னுட்டார்."

"நடந்ததத்தானே எழுதினேன்?"

"நடந்தது எனக்குத் தெரியாதா? இந்தப் பக்கத்துல கிரேன் வச்சிருக்கறதே அவர் ஒருத்தர்தாண்ணே. ரெண்டு புள்ளைங்க படிக்குதுங்க."

"உன் பேரு வெளில தெரிய வேணாமா?"

"பேர வச்சு என்ன பண்ணச் சொல்றீங்க?"

அதற்குள் மோட்டார்க்காரரின் போன் அடித்தது. கையெல்லாம் வார்னிஷ் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். பெரிய பேப்பரிலிருந்து ஒரு பெண்.

"சார், உங்க பதிவ எங்க ஆசிரியர் படிச்சார். விசாரிக்காம போட்டது எங்க தப்புன்னு சொல்றார். நடந்தது இதுதான்னு நீங்க உறுதியா சொன்னா, நாளைக்கே திருத்தம் போடுறோம். உங்க பேரையும் போடுறோம்."

எத்தனை வருஷமாகக் காத்திருந்த போன். டிரைவர் மேஜையில் கிடந்த மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் எழுதினது தப்பும்மா" என்றார் மோட்டார்க்காரர்.

"அப்ப, எடுக்காதேன்னு சொன்னது?"

"அப்படியெல்லாம் இல்ல. அவர்தான் அனுப்பினார்."

"நேர்ல பாத்தேன்னு எழுதியிருக்கீங்களே, சார்."

"மழைல சரியாத் தெரியல."

"எழுதறதுக்கு முன்னாடி நல்லா விசாரிச்சிட்டு எழுதுங்க, சார்" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

டிரைவர் கையெடுத்துக் கும்பிட வந்தான். "போடா, போய் வண்டியப் பாரு" என்று விரட்டிவிட்டு, மோட்டார்க்காரர் கையைத் துடைத்துக்கொண்டு பதிவை அழித்தார்.

பெரிய பேப்பர் திருத்தம் போடவில்லை; கட்டுரை போட்டது. வலைப்பூக்களில் பரவும் வதந்திகளைப் பற்றி. 'மோட்டார் பழுது பார்க்கும் ஒருவர், தாம் எழுதியது பொய் என்று எமது நிருபரிடம் ஒப்புக்கொண்டார்' என்று அதில் ஒரு வரி. பேர் போடவில்லை, போட வேண்டிய தேவையும் இல்லை. மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தவன்கூட, "என்னண்ணே, கத கூட எழுதுவீங்களாமே" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"எழுதுவேன். மிக்ஸில என்ன கோளாறு, அதச் சொல்லு."

அடுத்த வாரம் அவர் மறுபடி எழுதினார். வாய்க்கால் ஓரத்தில் இன்னும் தடுப்புச்சுவர் இல்லை, அடுத்த மழைக்கு இன்னொரு வேன் விழும் என்று படத்தோடு போட்டார். முதலில் வந்த கருத்து: 'இதுவும் கிரேன் கதை மாதிரிதானா, பெரியவரே?' அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "ஏங்க, இதையும் எடுத்துடுங்களேன். கண்டவனும் பேசறான்."

"இருக்கட்டும்" என்றார் அவர். "இதுல யார் சாவியும் போகாது. பேப்பர்லேருந்து யாரும் போன் பண்ணவும் மாட்டாங்க."