வைலேக்குப் போன சனிக்கிழமைகள்

முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலையில் எனக்கு அது பதினோராவது வருடம். டென்மார்க்கின் மேற்கு ஜூலண்டில் ஒரு சிறு நகரம், தனியார் நிறுவனம். காலையில் கைபேசியைத் திறந்தால், அன்று யாரிடம் எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்ற பட்டியல் இருக்கும். ஒருநாள் அந்தப் பட்டியல் என்னை ஊரின் வடக்கு மூலைக்கு அனுப்பியது. அங்கிருந்து தெற்கே இழுத்தது. பிறகு முதலில் போன வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்கே திருப்பி அனுப்பியது. மழையில் காரை நிறுத்திவிட்டு, இதைப் போடும் கணினி நிரலை யார் எழுதியிருப்பார்கள் என்று யோசித்தேன். என்னால் எழுத முடியாதா என்றும் யோசித்தேன்.

வைலே நகரில் ஒரு கல்வி நிலையம் சனிக்கிழமைகளில் கணினி நிரலாக்கச் சான்றிதழ்ப் படிப்பு நடத்தியது. ஒன்றரை வருடம். கட்டணத்துக்கு, கோடையில் ஊருக்குப் போகச் சேர்த்த பணம் முழுவதும் போய்விடும். வீட்டுப் பயிற்சிகளுக்காக வேலையை வாரம் மூன்று நாளாகக் குறைக்கவும் வேண்டும்.

கதவுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கணவருக்கு இதில் விருப்பமில்லை.

"உமக்கு நாப்பத்திமூண்டு வயசு. உந்தப் பேப்பரைக் கொண்டுபோனா ஆர் வேலை தரப்போறான்? பராமரிப்பிலயே மேல்படிப்புப் படியும். படிக்கேக்கையே சம்பளம், முடிச்ச உடனை வேலை."

"ஓம், அது எனக்கும் தெரியும். ஆனா அதைப் படிச்சாலும் இதே வீடுகளுக்குத்தானே போகப்போறன்."

நாலாம் நாள் அவரே சொன்னார்: "சனிக்கிழமைச் சமையலை நான் பாக்கிறன். ஆனா இடையில விட்டிட்டு வரக்கூடாது."

வகுப்பில் நான்தான் மூத்தவள். முதல் இரண்டு மாதம் ஒன்றும் விளங்கவில்லை. சொற்கள் ஆங்கிலம், விளக்கம் டேனிஷ், என் தலைக்குள் ஓடியது தமிழ். வீட்டில் பதினைந்து வயது மகள் எனக்குப் பக்கத்தில் இருந்து நான் எழுதியதை வாசிப்பாள். "அம்மா, இங்கே ஒரு அடைப்புக்குறி இல்லை," என்று டேனிஷில் சொல்லிவிட்டுத் தன் பாடத்துக்குத் திரும்பிவிடுவாள்.

வேலையைக் குறைத்ததும் என் காலை வீடுகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒரு வீட்டு முதியவருக்கு நான்கு வருடமாகக் காலையில் கால் வீக்கத்துக்கான இறுக்கமான காலுறை போட்டுவிட்டவள் நான். கடைசி நாள் அவரிடம் சொன்னபோது, "புதிதாக வருபவர் குதிகாலில் ஏற்றும்போது அவசரப்படுவாரா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குளிர்காலம் அவர் முதியோர் இல்லத்துக்குப் போனார். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். எல்லாச் சனிக்கிழமையும் வைலே. அவருடைய இறுதிச்சடங்கு முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் கார் தரிப்பிடத்தில் ஒரு சக ஊழியர் சொன்னார். படிப்பில் சேருமுன் நானும் கணவரும் மேசையில் இருந்து எழுதிய செலவுக் கணக்கில் இது இருக்கவில்லை.

வாய்மொழிப் பரீட்சையில் ஏழு கிடைத்தது. இங்கே அது நல்ல பெறுபேறு. அல்பர்ட்ஸ்லுண்டில் இருந்தாலும் இந்த நாட்டில் படித்திராத அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"பத்துக்கு ஏழோ?"

"இல்லையண்ணை, பன்னிரண்டுக்கு."

"அப்ப கொஞ்சம் குறைவுதான்," என்றார். விளக்கப் பத்து நிமிடம் பிடித்தது.

முப்பத்தொரு விண்ணப்பம் போட்டேன். பெரும்பாலானவற்றுக்குப் பதிலே இல்லை. ஒரே ஒரு நிறுவனம் கூப்பிட்டது. அங்கிருந்த இளைஞர், நானாகச் செய்த ஏதாவதைக் காட்டச் சொன்னார். என்னிடம் வகுப்புப் பயிற்சிகள்தான் இருந்தன. மரியாதையாகப் பேசி அனுப்பினார்; அடுத்த வாரம் மறுப்புக் கடிதம் வந்தது. கணவர், தான் அப்போதே சொன்னதாகச் சொல்வார் என்று காத்திருந்தேன். "இன்னும் ரெண்டு மாதம் பாப்பம்" என்றார்.

அந்த இரண்டு மாதத்துக்குள் எங்கள் நிறுவனமே பட்டியல் போடும் பிரிவுக்கு ஆள் கேட்டது. நேர்காணலில் அந்தப் பிரிவின் தலைவி ஒரு காலைப் பட்டியலை என் பக்கம் திருப்பி, "இதில் என்ன பிழை?" என்றார்.

"இன்சுலின் போடுபவர் வருவதற்கு முன்பே காலை உணவு கொடுப்பவர் வந்து போய்விடுகிறார்."

அதைத் தடுக்கும் விதியைப் பலகையில் நிரலாக எழுதச் சொன்னார். எழுதினேன். ஒரு வரி பிழை, அவரே திருத்தினார். வாரம் இரண்டு நாள் அந்த வேலை கிடைத்தது. மற்ற மூன்று நாளும் வீடுகளுக்குத்தான் போகிறேன். சம்பளம் கொஞ்சம் கூடியிருக்கிறது. படிப்புக் கட்டணம் திரும்பிவர மூன்று வருடமாவது ஆகும்.

சில மாதம் கழித்து, சான்றிதழ் உதவியதா என்று தலைவியிடம் கேட்டேன். "அது இருந்ததால்தான் உன்னைக் கூப்பிட்டேன். ஆனால் அதற்காக எடுக்கவில்லை," என்றார். டேனிஷ்காரர்கள் இப்படித்தான் நேராகச் சொல்வார்கள்.

போன மாதம் ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்து ஒரு தமிழ்ப் பெண் என்னைப் பற்றி யாரிடமோ கேள்விப்பட்டு அழைத்தார். மீன் தொழிற்சாலையில் வேலை. அதே படிப்புக்குச் சேரலாமா என்று கேட்டார். கட்டணத்தைச் சொன்னேன், முப்பத்தொரு விண்ணப்பத்தைச் சொன்னேன், போய்ப் பார்க்காமல் விட்டவரையும் சொன்னேன்.

"அப்ப வேண்டாமெண்டுறீங்களோ அக்கா?"

"அப்பிடிச் சொல்லேல்லை. இவ்வளவும் போகுமெண்டு தெரிஞ்சுகொண்டு சேருங்கோ எண்டுறன்."

சனிக்கிழமையில் வைலேக்கு முதல் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.